சம்மாட்டியாரும் நானும் கண்ட திமிங்கிலம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்து கோணல்மாணலாக வரும். சொல்ல வந்ததை நடுவில் விட்டுவிட்டு வேறு எங்கேயோ போய்விடுவேன். தேதி, கிழமை ஒன்றும் ஞாபகத்தில் நிற்காது. நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் வாய் திறக்கிற பழக்கமும் எனக்கு இல்லை. ஆனாலும் இதை நான் எழுதாவிட்டால் வேறு ஆட்கள் வேறு மாதிரி எழுதிவிடுவார்கள். இப்போதே வேறு மாதிரித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ஆகவே எழுதுகிறேன்.

இந்த லண்டன் பட்டணத்தில் கடவுளுக்கும் பயப்படாமல் கவுன்சிலுக்கும் பயப்படாமல் இருக்கிற ஒரே மனிதர் எங்கள் சம்மாட்டியார்தான். கடவுளுக்குப் பயப்படாத ஆட்கள் நிறையப் பேரைக் கண்டிருக்கிறேன். கவுன்சிலுக்குப் பயப்படாத ஆளை இவரைத் தவிர நான் காணவில்லை.

சம்மாட்டி என்றால் எங்கள் வடக்குக் கரையில் வள்ளமும் வலையும் சொந்தமாக வைத்துக்கொண்டு, பத்துப் பதினைந்து பேரைக் கடலுக்கு அனுப்பித் தொழில் செய்கிற பெரிய ஆள். எங்கள் சம்மாட்டியாரிடம் இருந்தது பதினாறு அடி நீளத்தில் ஒரு பழைய பைபர் வள்ளம். கடலுக்கு அனுப்ப ஒரு ஆளும் இல்லை. மயிலிட்டிக் கரையில் பிறந்து, பதினெட்டு வயதுவரை தகப்பனோடு கடலுக்குப் போனவர். பிறகு இங்கே வந்து பெற்றோல் ஸ்டேஷனில் நின்று, கடைசிப் பதினைந்து வருஷம் குரோய்டனில் ட்ராம் ஓட்டிப் பென்ஷன் எடுத்தவர். ட்ராம் ஓட்டியதை யாராவது புகழ்ந்தால் அவருக்குக் கோபம் வரும்.

“அது என்ன பெரிய வேலை தங்கச்சி. தண்டவாளம் போற இடத்துக்கு அது போகுது. நான் முன்னுக்கு இருந்து புதினம் பாத்தனான். உதுக்கு மாதா மாதம் சம்பளமும் தந்தவங்கள்.”

பென்ஷன் எடுத்த அடுத்த மாதமே வள்ளத்தை வாங்கிவிட்டார். மனைவி போய்ச் சேர்ந்து கனகாலம். ஒரே மகள் சுகந்தி மில்டன் கீன்ஸில் குடும்பமாக இருக்கிறாள். ஆகவே வேண்டாம் என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. வள்ளத்தை இழுவை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து ஸ்ட்ரெதமில் எங்கள் பிளாட்டுகளுக்கு முன்னால், கார் விடுகிற இடத்தில் நிறுத்தினார். அவர் கீழ் வீடு, நான் இரண்டாம் மாடி. காலையில் சன்னலைத் திறந்தால் கீழே கடல் இல்லாத வள்ளம்.

கவுன்சிலில் இருந்து கடிதம் வந்தது: இது வாகனங்கள் விடுகிற இடம். சம்மாட்டியார் பதில் போட்டார்: இதற்குக் கீழே இரண்டு சில்லு இருக்கிறது. இரண்டாம் கடிதம்: மோட்டார் வாகனம் மட்டுமே விடலாம். பதில்: பின்னால் மோட்டார் பூட்டியிருக்கிறது, வந்து பாருங்கள். மூன்றாம் கடிதம்: தெருவில் ஓடுகிற வாகனமாக இருக்கவேண்டும். பதில்: சனிக்கிழமை விடிய ஐந்து மணிக்கு வாருங்கள், தெருவில் ஓடுவதை நேரில் காட்டுகிறேன், தேத்தண்ணீரும் தருகிறேன். அதற்குப் பிறகு கடிதம் இல்லை. நாங்கள் எல்லாரும் கவுன்சில் கடிதம் என்றால் உறையைக் கிழிக்காமல் இரண்டு நாள் சாமிப்படத்துக்கு முன்னால் வைக்கிறவர்கள். அவரோ தபால்காரனை வழிமறித்து, “இண்டைக்கும் எனக்கு ஒண்டும் இல்லையோ?” என்று கேட்டு ஏமாந்துபோய் நிற்பார்.

புதன்கிழமைகளில் எங்கள் முதியோர் சங்கம் பக்கத்துத் தேவாலய மண்டபத்தில் கூடும். சம்மாட்டியார் கடலுக்கு ஆள் பிடிப்பது அங்கேதான். மற்றவர்கள் கதிரையில் இருந்தபடி கையைக் காலை நீட்டி உடற்பயிற்சி செய்யும்போது, அவர் சந்தையில் மாடு பார்க்கிறவர் மாதிரி எல்லாருடைய தோளையும் பார்த்துக்கொண்டு நடப்பார். அப்படிப் போன ஆட்களில் ஒருவரும் இரண்டாம் தரம் போகவில்லை. அது கடலின் குற்றம் இல்லை. சம்மாட்டியாரின் சட்டங்கள்.

வள்ளத்தில் விசில் அடிக்கக்கூடாது. எத்தனை மீன் என்று எண்ணக்கூடாது. எப்போது கரைக்குப் போவது என்று கேட்கக்கூடாது. கடலில் எதையும் விரல் நீட்டிக் காட்டக்கூடாது, காட்டத்தான் வேண்டுமென்றால் கையைப் பொத்திக் காட்டவேண்டும். கடலில் இருக்கிற பெரிய சீவன்களின் பெயரைச் சொல்லக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏறும்போதே கைத்தொலைபேசியைக் கொடுத்துவிட வேண்டும். ஒரு பழைய ஐஸ்கிறீம் பெட்டியில் போட்டு மூடி, தன் இருக்கைக்குக் கீழே வைத்து, அதற்கு மேல் குந்திவிடுவார்.

“மணி அடிச்சால் மீன் ஓடும். மீன் ஓடினால் நான் உங்களைக் கடலுக்கை விட்டிட்டு வருவன்,” என்பார். சிரித்துக்கொண்டு சொல்வதில்லை.

இந்த மனிதரோடு நான் ஏன் போனேன் என்று எல்லாரும் கேட்கிறார்கள். நான் தோட்டம் செய்கிற ஊரில் வெங்காயம் நட்டு வளர்ந்தவள். கடலை மீன்காரனின் சைக்கிள் பெட்டிக்குள்தான் கண்டிருக்கிறேன். ஒரு புதன்கிழமை, “தங்கச்சி, சனிக்கிழமைக்கு ஒரு ஆள் குறையுது, நீர் வாரும்” என்றார். இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் கடலுக்குப் போனேன்.

மூன்றாவது ஆள் எங்கள் சங்கத்துச் செயலாளர். ஊரில் பள்ளிக்கூட அதிபராக இருந்தவர். சங்க மலரில் கடல் அனுபவம் என்று கட்டுரை எழுதுவதற்காக வந்தார். கழுத்தில் டை கட்டியிருந்தார். நான் சேலை, அதற்கு மேல் கம்பளிச் சட்டை, அதற்கு மேல் கோட்டு, அதற்கு மேல் மிதக்கிற அங்கி. உருட்டிவிட்டால் உருளுகிற பதத்தில் இருந்தேன். சம்மாட்டியார் காருக்கும் வள்ளத்துக்கும் சில்லுக்குச் சில்லு தேசிக்காய், அதுதான் எலுமிச்சை, வைத்து நசுக்கி, தெற்கே போகிற பெருந்தெருவில் விட்டார். எட்டு மணிக்கு முன்னம் நியூஹேவன் துறைமுகத்தில் வள்ளம் தண்ணீரில் இறங்கிவிட்டது.

துறைமுகச் சுவரைத் தாண்டி ஐந்து நிமிஷம் இருக்கும். செயலாளர் கடல் அனுபவத்தைத் தொடங்கிவிட்டார். ஒரு வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வள்ளத்தின் அடியில் படுத்தார். தலைக்கு மேல் ஒரு துவாயைப் போட்டு மூடிக்கொண்டார். இடைக்கிடை துவாய்க்குள் இருந்து, “எப்ப கரைக்குப் போறது?” என்று சத்தம் வரும்.

“சட்டம் விடாத கேள்வி,” என்பார் சம்மாட்டியார்.

எனக்கு ஒன்றும் செய்யவில்லை. ஏன் என்று எனக்கே தெரியாது. ஒரு கயிற்றில் ஆறு தூண்டில், ஒவ்வொரு தூண்டிலிலும் ஒரு வெள்ளை இறகு. கீழே விட்டு மேலே இழுப்பதுதான் வேலை. இழுத்தால் மக்கரல் மீன் நாலு, ஐந்து என்று துள்ளிக்கொண்டு வந்தது. எங்கள் ஊர்க் கும்பளாவின் வெள்ளைக்காரச் சொந்தக்காரன். பெட்டி பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது. வாழ்க்கையில் ஒரு வேலையை இவ்வளவு சுறுக்காக நான் பழகினது கிடையாது.

அப்போது மீன் நின்றுவிட்டது. கயிறு வெறுமனே வந்தது. பிறகு ஒரு மணம். அவிந்த மீனும் பழைய முட்டைக்கோவாவும் கலந்த மணம். செயலாளரின் வாளி என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு எனக்குப் பின்னால், பஸ் கதவு திறக்கிற மாதிரி, ஆனால் நூறு பஸ்ஸுக்கு ஒரேயடியாகத் திறக்கிற மாதிரி, “புஸ்ஸ்ஸ்” என்று ஒரு மூச்சு. முகத்தில் ஈரம் பட்டது. திரும்பினேன்.

ஒரு முதுகு. கறுப்பு, மினுமினுப்பு. தண்ணீரில் இருந்து எழும்பி, வளைந்து, போய்க்கொண்டே இருந்தது. இதோ முடிந்துவிடும், இதோ முடிந்துவிடும் என்று பார்த்தேன். முடியவில்லை. எங்கள் வள்ளத்தின் நீளம் போய், அதற்குப் பிறகும் முதுகு வந்தது. முடிவில் சின்னதாக ஒரு செட்டை. பாவம், அவ்வளவு பெரிய உடம்புக்கு அது காணாது.

நான் கையைத் தூக்கினேன். சம்மாட்டியார் எட்டி என் விரலைப் பொத்திப் பிடித்துவிட்டார்.

“விரல் நீட்டாதையும். கையைப் பொத்தும்.”

மோட்டாரை நிறுத்தினார். தலையில் இருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். கவுன்சிலுக்கு எழும்பாத மனிதர்.

“வாங்கோ ஐயா,” என்றார். “நாங்கள் சின்ன ஆக்கள். தெரியாமல் உங்கட பாதையில வந்திட்டம். நீங்கள் போங்கோ, நாங்கள் விலகி நிக்கிறம்.”

அது இன்னொரு தரம் மூச்சு விட்டது. இந்த முறை பக்கத்தில். சம்மாட்டியார் மீன் பெட்டியைத் தூக்கி, நான் பிடித்த மக்கரல் அத்தனையையும் கடலில் கொட்டினார்.

“அவரின்ர பங்கு,” என்றார். “அப்புவும் உப்பிடித்தான் குடுத்தவர்.” தகப்பனைச் சொன்னார்.

“என்ன நடக்குது?” என்றது துவாய்.

“பெரியவர் போறார். எழும்பி ஒருக்கால் பாருங்கோ.”

“எனக்கு ஏலாது,” என்றது துவாய்.

அவ்வளவுதான். பெரியவர் போய்விட்டார். தண்ணீரில் எண்ணெய் ஊற்றினதுபோல் ஒரு வட்டம் மட்டும் கொஞ்ச நேரம் கிடந்தது. கரைக்கு வந்து வள்ளத்தை வண்டியில் ஏற்றிக் கட்டிய பிறகுதான் சம்மாட்டியார் வாயைத் திறந்து, “திமிங்கிலம், தங்கச்சி” என்றார். சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் தளம்பியது. நான் அதைக் கேட்காத மாதிரி இருந்தேன்.

இனித்தான் வில்லங்கம். யோசித்துப் பாருங்கள். தொலைபேசிகள் ஐஸ்கிறீம் பெட்டிக்குள். படம் இல்லை. பிடித்த மீன் கடலுக்குள். பெட்டி வெறும் பெட்டி. மூன்று பேரில் ஒருவர் துவாய்க்குக் கீழே. அடுத்த புதன்கிழமை சம்மாட்டியார் சங்கத்தில் எழுந்து நின்று, திமிங்கிலம் கண்டோம் என்று சொன்னார். மண்டபம் சிரித்தது. ஒரு மீனும் கொண்டுவராதவர் திமிங்கிலம் கொண்டுவந்திருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். அதற்கு இன்னும் சிரித்தார்கள்.

செயலாளர் எழுந்தார். டை கட்டியிருந்தார்.

“நானும் அதே வள்ளத்திலதான் இருந்தனான். கடலில தண்ணி இருந்தது. வேற ஒண்டும் இருக்கேல்ல.”

“நீர் வாளிக்குள்ள இருந்தனீர்,” என்றார் சம்மாட்டியார்.

“நான் எங்க இருந்தாலும் காது கேட்டது. இவர் கடலோட கதைச்சுக்கொண்டு நிண்டவர். வாங்கோ ஐயா, போங்கோ ஐயா எண்டு, ஏதோ கலியாண வீட்டு வாசலில நிக்கிற மாதிரி.”

பிறகு செயலாளர் என் பக்கம் திரும்பினார். “அக்கா, நீங்களும் வந்தனீங்கள்தானே. நீங்கள் என்னவும் கண்டனீங்களோ?”

நாற்பது தலைகள் திரும்பின. என் காது சுட்டது. கையில் தேத்தண்ணீர்க் கோப்பை. அதற்குள் பார்த்தேன்.

“எனக்கு வடிவாத் தெரியேல்ல,” என்றேன்.

சம்மாட்டியார் என்னைப் பார்த்தார். கோபிக்கவில்லை. போய் ஒரு பிஸ்கட் எடுத்துக் கடித்தார். ஏசியிருந்தால் நான் அன்றைக்கு நித்திரை கொண்டிருப்பேன்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. செயலாளர் நல்ல எண்ணத்தில்தான் சுகந்திக்குத் தொலைபேசி எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். “பிள்ளை, அப்பா கடலோட மரியாதையாக் கதைக்கிறார். ஒருக்கால் பாருங்கோ” என்றிருக்கிறார். சுகந்தி அடுத்த நாளே ஓடிவந்துவிட்டாள். கெட்ட பிள்ளை இல்லை. தகப்பன் மேல் உயிர். அவளுக்குப் பயம் பிடித்துவிட்டது, அவ்வளவுதான். டொக்டருக்குச் சொல்லி, டொக்டர் மறதி பார்க்கிற கிளினிக்குக்கு எழுதி, தேதியும் வந்துவிட்டது. சோதனையில் தவறினால் காரோட்டுகிற லைசென்ஸ் போய்விடும். கார் போனால் வள்ளத்தை இழுக்க ஏலாது. வள்ளம் விற்பனைக்கு. சம்மாட்டியார் மில்டன் கீன்ஸில், பேரனின் விளையாட்டுச் சாமான் வைக்கிற சின்ன அறைக்கு.

சன்னல் திறந்திருந்தது. கீழே அவள் கெஞ்சுவது எனக்குக் கேட்டது.

“அப்பா, பிளீஸ். அது அலை எண்டு ஒரு வார்த்தை சொல்லுங்கோ. கண் மாறாட்டம் எண்டாவது சொல்லுங்கோ. பிரச்சினை முடிஞ்சுது.”

“அலை மூச்சு விடுமோ பிள்ளை?”

“நீங்கள் உப்பிடிக் கதைச்சால் அவை எழுதிப்போடுவினம் அப்பா.”

“எழுதட்டும். ட்ராம் பாதையில நரி நிண்டது எண்டு நான் சொல்லேக்க எல்லாரும் நம்பினவை. கடலில திமிங்கிலம் நிண்டது எண்டால் எனக்கு விசரோ? நரிதான் இடம் மாறி நிண்டது. திமிங்கிலம் தன்ர வீட்டிலதானே நிண்டது.”

சுகந்தி மேலே என்னிடம் வந்தாள். தகப்பனைத் தினமும் பார்க்கிற ஆள் ஒருவர் கிளினிக்குக்கு வரவேண்டுமாம், வருவீர்களா ஆன்ட்டி என்றாள். இல்லை என்று சொல்ல இந்த முறையும் எனக்கு வெட்கமாக இருந்தது.

சம்மாட்டியாருக்கு இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு. ஆனாலும் மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டு வைத்திருந்தார். “என்ர மூளையைச் சோதிக்கிறதெண்டால் தமிழில சோதிக்கட்டும். இங்கிலீஷ் மூளை வேலைக்கெண்டு வச்சிருந்தது, அதைப் பென்ஷனோட திருப்பிக் குடுத்திட்டன்.” வந்தது கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை ஒன்று. மெல்லிய குரல், நல்ல மரியாதை. எங்கள் பேச்சு அவளுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் பிடிபடும். ஆனாலும் சமாளித்தாள்.

டொக்டர் ஒரு கறுப்பினப் பெண். சிரித்த முகம், கையில் பேனா. என்ன கிழமை என்று கேட்டா.

“புதன். உங்களால எனக்குச் சங்கத்து வடை போச்சுது.”

பதினொன்று பத்து காட்டுகிற மணிக்கூடு ஒன்றைக் கடுதாசியில் கீறச் சொன்னா. கீறிவிட்டு, பக்கத்தில் அன்றைக்கு நியூஹேவனில் கடல் வற்றுகிற நேரத்தையும் பெருகுகிற நேரத்தையும் எழுதிக் கொடுத்தார். என்னிடம், அடுப்பை அணைக்க மறக்கிறாரா என்று கேட்டா. இல்லை என்று தலையாட்டினேன். ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாரா என்று கேட்டா. நான் நிலத்தைப் பார்த்தேன். எங்கள் ஆம்பிளைகளில் அப்படிச் சொல்லாத ஒருவரைக் காட்டட்டும் பார்ப்போம்.

இவ்வளவும் நன்றாகத்தான் போனது. பிறகு அந்தக் கேள்வி வந்தது. ஒரு நிமிஷத்துக்குள் எத்தனை உயிரினங்களின் பெயர் சொல்ல முடியுமோ அத்தனையும் சொல்லவேண்டும். மற்ற மனிதர் என்றால் நாய், பூனை, மாடு, ஆடு என்று தொடங்குவார்கள். சம்மாட்டியார் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். கண்ணை மூடினார்.

“பாரை, விளை, ஓரா, ஒட்டி, சீலா, அறக்குளா, கொடுவா, கலவாய்…”

அந்தப் பிள்ளை திகைத்துப்போனாள். “சார், இதெல்லாம் என்ன சார்?”

“மீன் பிள்ளை. நேரம் போகுது. திருக்கை, சுறா, சூடை, நெத்தலி, காரல்…”

“எல்லாமே மீனா சார்?”

“ஓம். முரல், திரளி, சூரை, வாளை…”

“சாரி ஆன்ட்டி,” என்று அவள் என் பக்கம் குனிந்தாள். “எங்க வீட்ல மீனே சாப்பிட மாட்டோம். எனக்கு ஒண்ணும் தெரியல.” பிறகு டொக்டரிடம் திரும்பி, தெரிந்தவரைக்கும் நேர்மையாகச் சொன்னாள். என் இங்கிலீஷுக்கே அது விளங்கியது. பிஷ். அனதர் பிஷ். பிஷ் அகெய்ன்.

டொக்டரின் பேனா ஒரு கோடு போட்டுவிட்டு நின்றது. பிறகு ஓரத்தில் ஏதோ எழுதியது. சுகந்தி எட்டிப் பார்த்தாள். அவள் முகம் செத்துப்போனது. “ஆன்ட்டி,” என்றாள் மெதுவாக. “அப்பா ஒரே சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்றார் எண்டு எழுதுறா.”

நாற்பது மீன் சொன்ன மனிதருக்கு ஒரு கோடு. இவர் கண்ணை மூடியபடி நண்டு, இறால், கணவாய் என்று கரைப்பக்கமாக வந்துகொண்டிருக்கிறார். தனக்கு என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருக்கிறார்.

இந்த நாட்டுக்கு வந்து இருபத்தாறு வருஷம். ஒரு அலுவலகத்தில், ஒரு ஆஸ்பத்திரியில், ஒரு மனிதருக்கு முன்னால் யாரும் கேட்காமல் நான் வாய் திறந்தது கிடையாது. அன்றைக்கு என் வாய் எனக்கு முன்னம் எழும்பிவிட்டது.

“அது ஒரு மீன் இல்லைப் பிள்ளை,” என்றேன் கோயம்புத்தூர்ப் பெண்ணிடம். “டொக்டருக்குச் சொல்லும். பாரையும் ஓராவும் ஒண்டில்லை. பாரை குழம்புக்கு. ஓரா சொதிக்கு. சூடையைப் பொரிக்கிறது, குழம்பு வைக்கப் போனால் முள்ளு. சுறாவை அவிச்சு உதிர்த்து வறை வறுக்கிறது, புட்டுக்குச் சாப்பிட. திருக்கை, பிள்ளை பெத்தவைக்குச் சரக்குத்தூள் போட்டுக் காய்ச்சிறது. அறக்குளா தீயலுக்கு. முரல் பொரியல். நெத்தலி காஞ்சாலும் உதவும். ஒரு சட்டிக்கை எல்லாத்தையும் போட ஏலுமோ, கேட்டுச் சொல்லும்.”

அந்தப் பிள்ளை மூக்கை மெதுவாகச் சுளித்துக்கொண்டு ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தாள். டொக்டர் பேனாவை எடுத்தா. ஒரு மீனுக்கு ஒரு கோடு. பாரை, ஒரு கோடு. ஓரா, ஒரு கோடு. சொல்லிச் சொல்லி வர, கடுதாசி வேலி அடைத்த மாதிரி நிறைந்தது. திருக்கைக்கு வந்தபோது டொக்டர் பேனாவை நிறுத்தி, அந்தச் சரக்குத்தூளில் என்னென்ன போடுவீர்கள் என்று கேட்டா. மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள் என்று சொன்னேன். அதையும் எழுதினா. வேறு கடுதாசியில்.

வாய் திறந்தது திறந்ததுதான் என்று மிச்சத்தையும் சொல்லிவிட்டேன்.

“திமிங்கிலத்தையும் சொல்லும் பிள்ளை. நானும் கண்டனான். இவர் காண முதல் எனக்கு மணந்தது. முகத்தில தண்ணி அடிச்சது. விரல் நீட்டப் போனன், இவர் பொத்திப் பிடிச்சவர். அண்டைக்குச் சங்கத்தில தெரியேல்ல எண்டு சொன்னது பொய். நாப்பது பேர் பாத்தவை, நான் பயந்திட்டன்.”

“ஆன்ட்டி,” என்றாள் சுகந்தி. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டொக்டர் சிரித்துக்கொண்டு, அந்தக் கடலில் திமிங்கிலம் வருவது அதிசயம் இல்லை, எப்போதாவது வரும் என்று இவ்வளவு சாதாரணமாகச் சொன்னா. இதற்காகவா நாங்கள் இவ்வளவு பாடுபட்டோம் என்று இருந்தது. கடைசியில் சம்மாட்டியார் தொண்டையைச் செருமினார்.

“தங்கச்சி, அறக்குளாத் தீயலுக்கும் நெருப்பு மெல்லிசா இருக்கோணும். அதை நீர் சொல்லேல்ல.”

சில வாரத்துக்குப் பிறகு கடிதம் வந்தது. வயதுக்கு நல்ல மூளை, ஞாபகத்தில் குறை இல்லை, கார் ஓட்டலாம். கவுன்சில் கடிதத்துக்கு ஏங்கிக் கிடந்த மனிதருக்கு அது போதாதா. கடையில் கொடுத்து பிளாஸ்டிக் உறை ஒட்டி, புதன்கிழமை சங்கத்துக்குக் கொண்டுவந்து தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

“இஞ்ச இருக்கிற ஆக்களில, மூளை நல்லாயிருக்கெண்டு கடிதம் வச்சிருக்கிறவை கையை உயர்த்துங்கோ.”

ஒரு கையும் உயரவில்லை.

“செயலாளர் ஐயா, உங்களிட்டயும் இல்லையோ?”

செயலாளர் டையைச் சரிசெய்தார். “நான் காணேல்ல எண்டுதான் சொன்னனான். உங்களுக்கு விசர் எண்டு சொல்லேல்ல.”

“வாளிக்கை திமிங்கிலம் வராது ஐயா. அதையாவது மலரில எழுதுங்கோ.”

அப்போது மறுபடியும் தலைகள் என் பக்கம் திரும்பின. இந்த முறை நான் கோப்பைக்குள் பார்க்கவில்லை. கண்டனான் என்றேன். சத்தமாகச் சொன்னேனோ தெரியாது, கடைசி வரிசைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகும் விடுகிறார்களா? அந்த மனிதரில் இரக்கப்பட்டு நான் சொல்லிக்கொடுத்தேனாம். தனி ஆள், பாவம், வள்ளம் போய்விடும் என்று பொய்ச்சாட்சி சொன்னேனாம். செயலாளர் மலரில் எழுதின கட்டுரையில், “கடலில் தாம் கண்டதாக இருவர் கருதும் ஒன்று” என்று போட்டிருக்கிறார். படித்த மனிதர், வளைத்து எழுதத் தெரியும். எனக்குத் தெரியாது. நான் கருதவில்லை. நான் கண்டேன். அவர் பாவம் என்றால் அவருக்குப் புட்டு அவித்துக் கொடுப்பேன், திமிங்கிலம் அவித்துக் கொடுக்க மாட்டேன். பொய்ச்சாட்சி சொல்ல ஆசைப்பட்டிருந்தால் முதல் நாளே மண்டபத்தில் சொல்லியிருப்பேனே. அன்றைக்கு நான் சொன்னதுதான் பொய். அது இன்னும் எனக்குச் சுடுகிறது.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். அது எந்த மாதம், கரையில் இருந்து எத்தனை மைல், மக்கரல் எத்தனை கொட்டினோம், முடிவில் ஒரு சின்னச் செட்டை உள்ள அந்தச் சாதித் திமிங்கிலத்துக்கு என்ன பெயர், இதெல்லாம் எனக்கு நிச்சயம் இல்லை. தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். டொக்டர் சொன்ன இங்கிலீஷைச் சுகந்தியிடம் கேளுங்கள். மீன் பெயர்களைச் சம்மாட்டியாரிடம் கேளுங்கள், நேரம் நிறைய வைத்துக்கொண்டு கேளுங்கள்.

அந்த மனிதர் உண்மை சொன்னாரா என்பதை மட்டும் ஒருவரும் சரிபார்க்க வேண்டாம். அதற்கு நான் இருக்கிறேன்.